சவமே என்பதைத் திருத்தினேன்

ஒரு சொல்லைத் திருத்தினேன். அதனால் ஒரு டீச்சருக்கு வேலை போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுதிப் பழகிய கை என்னுடையது. இந்த விஷயத்திலும் அப்படிச் செய்தால், மூன்று வருஷமாக ஓர் இடத்தில் உட்காரவிடாத கால்கள் இனியும் உட்காரவிடா.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பெண்கள் பள்ளி. அரசு உதவி பெறுவது. அங்கே நான் எழுத்தர். யாராவது 'கிளார்க்கு சார்' என்றால் எனக்கு அப்போதெல்லாம் சுருக்கென்று வரும். வினை அங்கேதான் தொடங்குகிறது. அப்பா கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியாராக இருந்தவர், வீட்டில் பேசுவதே பிரசங்கம் மாதிரி இருக்கும். கல்லூரியில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் கிடைத்தார், தூய தமிழ் வெறியை ஏற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்து என்னை ஒரு மாதிரி ஆக்கிவிட்டன. என் மேசையைத் தாண்டுகிற எந்தத் தாளிலும் வடசொல் இருக்கக்கூடாது. 'வருஷம்' ஆண்டு ஆகும். 'விஷயம்' செய்தி ஆகும். 'சந்தோஷம்' மகிழ்ச்சி ஆகும். தலைமையாசிரியை எழுதிய சுற்றறிக்கையையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் காலையில் மனைவியிடம் காப்பி என்று சொல்லாமல் தூய தமிழில் 'குழம்பி' என்று கேட்டேன். "நேத்து வச்ச புளிக்குழம்பு இருக்கு, டம்ளர்ல ஊத்தட்டுமா?" என்றாள். அதன் பிறகு வீட்டில் மட்டும் காப்பிதான்.

இப்போது வருஷம் என்றே எழுதுகிறேன், விஷயம் என்றே எழுதுகிறேன். அது ஏன் என்பதுதான் கதை.

அந்தக் கணக்கு டீச்சர் ராதாபுரம் பக்கத்துக்காரர். வகுப்பில் பேசினால் அடுத்த கட்டடத்துப் பிள்ளைகளும் கணக்குப் படித்துவிடலாம், அப்படி ஒரு குரல். அவர் வாயில் 'சவம்' என்ற சொல் ஓயாமல் புழங்கும். சுண்ணாம்புக்கட்டி உடைந்தால் "சவம் உடைஞ்சிட்டு". பஸ் வராவிட்டால் "சவத்தக் காணும்". பிரியமான பிள்ளை என்றால் "ஏட்டி சவமே". எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்களை யாரும் சவமே என்று ஏசமாட்டார்கள். அந்த ஏச்சுக்கு ஒரு உரிமை வேண்டும். எனக்கும் அது கிடைத்திருக்கிறது. ஒரு நாள் "சவத்த ரிஜிஸ்டர எங்கன வச்சிய அண்ணாச்சி?" என்று கேட்டார். "பதிவேடு என்று சொல்லுங்கள் டீச்சர்" என்றேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "பதிவேடு சொல்லுத ஆளு டீச்சர்னு சொல்லலாமோ? நீங்க ஒரு சவம் அண்ணாச்சி" என்றார். ஆசிரியர் அறை முழுக்கச் சிரிப்பு. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை. அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர், விபத்தில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த பிள்ளை மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். நாலைந்து நாள் இப்படியே. எல்லாரும் அவளிடம் பூனை நடை நடந்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சர் போய் மூடியைத் திறந்து முன்னால் வைத்து, "ஏட்டி சவமே, ஒரு வாய் தின்னு" என்று ஏசினார். பிள்ளை தின்றாள். நடந்தது இவ்வளவுதான்.

அன்று மாலை பிள்ளை அதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவள் அம்மா சென்னையிலிருந்து இங்கே வாழ வந்தவர். துக்கத்துக்கு வந்திருந்த தாய்மாமன் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். மறுநாள் காலை மணியடிப்பதற்கு முன்னால் தாளாளர் அறையில் நின்றார். "அப்பன் செத்து ஒரு மாசம் ஆகல. அந்தக் கொழந்தைய சவம்னு கூப்பிடுவாங்களா? என்ன ஸ்கூல் சார் இது?" என்று கத்தினார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

எங்கள் தாளாளர் இந்த ஊர்க்காரர்தான். "இங்கன அப்படித்தான் ஏசுவாங்க, பிரியத்துல சொல்லுதது" என்று ஒரு வார்த்தை சொல்லி மாமனைச் சமாதானமாக அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு பெற்றோர் கூட்டத்தில் கணக்கு டீச்சர் எழுந்து, பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீரே வருவதில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது. என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைட்ட வாக்குமூலம் எழுதி வாங்கும் வே" என்றார்.

என் வேலைமுறையை இங்கே சொல்லவேண்டும். யார் எதைச் சொன்னாலும் முதலில் என் பழைய நோட்டில் பென்சிலால் அப்படியே எழுதிக்கொள்வேன், வாயில் வந்தது வந்தபடி. அதன் பிறகு சிவப்பு மையில் திருத்துவேன். திருத்தியதை நல்ல தாளில் நகல் எடுத்து, கையெழுத்து வாங்குவேன். பிள்ளை பெஞ்சு நுனியில் உட்கார்ந்து சொன்னாள், நான் எழுதினேன். அவளை வெளியே நிறுத்திவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'சவமே' என்ற இடத்தில் பேனா தானாக நின்றது. சவம் வடசொல். பிணம் நல்ல தமிழ்ச்சொல். வெட்டி, மேலே 'பிணமே' என்று எழுதினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. புகாருக்கு வேண்டாத வரிகளையும் அடித்துவிட்டு, 'ஆசிரியை என்னைப் பிணமே என்று ஏசினார்' என்று ஒற்றுப் பிழை இல்லாமல் நகல் எடுத்தேன். பிள்ளை படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். எழுத்து அழகாக இருப்பதாகத் தாளாளர் பாராட்டினார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டீச்சரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். ஓய்வுபெற்ற ஒருவரை வைத்து விசாரணை நடத்தினார்கள். மாமன் வாயால் சொன்னதோடு சென்னைக்குப் போய்விட்டார், துக்க வீட்டுப் பிள்ளை என்று அவளையும் கூப்பிடவில்லை. குறிப்பெடுக்க நான்தான் உட்கார்ந்திருந்தேன். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியதும் டீச்சர் எழுந்துவிட்டார். "நான் சவமேன்னுல்லா சொன்னேன்! பிணமேன்னு யாரு சொன்னா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே பொருள்தான், அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றதைத்தான் போட்டிருக்கும். ஆனால் எங்கள் ஊர்க்காரன் எவன் காதிலும் ஒன்று செல்லம், மற்றது சாபம். "நான்தான் மாற்றினேன்" என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்கவேண்டும். எதிரே தாளாளர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து எழுதினேன்: 'குற்றம் சாட்டப்பட்டவர் தாம் பயன்படுத்திய சொல்லை மறுக்கிறார்.' அந்த வாக்கியத்திலும் பிழை கிடையாது.

டீச்சரை ஒழுங்கீனத்துக்காகப் பணிநீக்கம் செய்தார்கள். அவர் கல்வித்துறை அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்தார். விசாரணை நாளில் கோப்பைத் தூக்கிக்கொண்டு நானும் திருநெல்வேலிக்குப் போனேன். அதிகாரி நம்ம பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. டீச்சர் சொன்னதை எல்லாம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சவமேன்னு சொல்லியிருந்தா இந்தப் பேப்பர நானே கிழிச்சுப் போட்டிருப்பேன் டீச்சர். எங்கம்மை என்னைப் பேரு சொல்லி விளிச்சதவிட அப்படி விளிச்சதுதான் ஜாஸ்தி. ஆனா இதுல பிணமேன்னுல்லா இருக்கு. பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கு. இப்போ வந்து சொல்ல மாத்துதியளே?"

செய்த குற்றத்தோடு பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துகொண்டது. மேல்முறையீடு தள்ளுபடியானது. வெளியே வந்த டீச்சர் என்னிடம், "கோப்பு கனமா இருக்கு போல, ஆட்டோல போங்க அண்ணாச்சி" என்றார்.

அடுத்த மேல்முறையீடு நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் வக்கீல் வரவில்லை, ஒரு நாள் நீதிபதி விடுப்பு, ஒரு நாள் ஏன் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வாய்தாவும் முடிந்ததும் எனக்கு நிம்மதியும் வரும், நிம்மதி வந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வரும். மேசையில் உட்கார முடியவில்லை. கூராக இருக்கிற பென்சிலையே மறுபடி சீவுவேன். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வண்ணார்பேட்டை வரைக்கும் நடந்து, ஆற்றுப்பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். யாரோ 'சந்தோஷம்' என்று எழுதிக் கொண்டுவந்தார்கள், பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்தேன். "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் வள்ளியூருக்குப் பஸ் ஏறினேன். டீச்சர் அங்கே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டே போனேன். அதிலும் இலக்கணம் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டை மெஷினில் வைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "வாங்க அண்ணாச்சி, வெயில்ல வாரியளே, கலர் குடிக்கியளா?" என்று பக்கத்துக் கடையில் சொல்லி ஒரு சோடா பாட்டில் வாங்கிக் கொடுத்தார். வழக்கு எப்படிப் போகிறது என்று நான் இழுத்தேன்.

"வேலை போனதுகூட ஆறிட்டு அண்ணாச்சி. அந்தப் பிள்ளை பொய் சொல்லிட்டேங்குததுதான் ஆறல" என்றார். "அன்னைக்கு என் கையால மூடியத் தொறந்து கொடுத்தேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே தின்னா. பொறவு எப்படி அப்படிச் சொல்ல மனசு வந்துது? என்னைய அவ்வளவு வெறுத்தாளா? பிள்ளைகள எனக்குத் தெரியும்னு இத்தன வருசம் நினைச்சது எல்லாம் பொய்யா?"

பாட்டில் என் கையில் இருந்தது. வாயில் வாக்கியம் தயாராக இருந்தது. "வாரேன் டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். பாதி கலரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். கோழை என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேடவேண்டியதில்லை, கோழையே தமிழ்தான்.

அடுத்த மாதம் தீர்ப்பாயத்திலிருந்து எனக்கே அழைப்பு வந்தது. மூலக் கோப்போடு வந்து, வாக்குமூலம் எழுதப்பட்ட விதம் பற்றிச் சாட்சி சொல்லவேண்டும். தாளாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எனக்கு அதுவரை அந்த நாற்காலி கிடைத்ததில்லை.

"கோப்பு மட்டும் போதும் வே. உம்ம ரஃப் நோட்டு எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுல்லா?"

"ம்" என்றேன்.

போடவில்லை. நான் எழுதிய ஒரு தாளையும் என்னால் தூக்கிப் போட முடியாது. வீட்டில் பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் வருஷவாரியாகக் கிடந்தது. நாற்காலி போட்டு ஏறி எடுத்துத் தேடினேன். பக்கம் கிடைத்தது. சிவப்புக் கோட்டுக்கு அடியில் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நான் முழுசாக அடித்த ஒரு வரியும் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். படித்ததும் நாற்காலி மேலேயே நின்றுவிட்டேன்.

மனைவி நோட்டை வாங்கிப் படித்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கண் கலங்கியது, கூடவே கோபமும் வந்தது. "சவத்த மனுசா, இத வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டா மூணு வருசமா அங்கனயும் இங்கனயும் அலைஞ்சிய? அந்தப் பொம்பள வயித்தெரிச்சல் சும்மா விடுமா?" என்றாள். ஓய்வுக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது, ஏதாவது ஆகிவிட்டால் என்று முனகினேன். "ஆவட்டும். போயிச் சொல்லுங்க" என்று நோட்டை என் பையில் அவளே வைத்தாள்.

தீர்ப்பாயம் சின்ன அறை. மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் டீச்சர் இருந்தார். வாக்குமூலம் பிள்ளை சொன்னபடியே எழுதப்பட்டதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். நிர்வாகத்தின் வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன். நீதிபதி பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்து, பென்சிலில் இருப்பதை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

பள்ளி ஆண்டுவிழாவில் அறிக்கை படிக்கிற குரல் எனக்கு. அன்றைக்கு அது வரவில்லை.

"டீச்சர் என்னைய, 'ஏட்டி சவமே, ஒரு வாய் தின்னு'ன்னு ஏசினாங்க. எங்க அப்பாவும் அப்படித்தான் ஏசும். அதுக்குப் பொறவுதான் எனக்குப் பசிச்சுது."

நீதிபதி ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொல்வது என்று வந்தாயிற்று, அதையும் சொன்னேன்.

"சவம் வடசொல் ஐயா. பிணம்தான் தமிழ்."

சிரித்துவிட்டார்கள். வக்கீல்கள், ஊழியர்கள், அடுத்த வழக்குக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும். நீதிபதிக்கே உதடு துடித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று மூன்று வருஷம் கழித்துத் தெரிந்துகொண்ட அழுகை அது. தெரிந்துகொண்டு நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். வள்ளியூரில் நான் பாதி குடித்துவிட்டு வைத்த கலர் பாட்டில் அவர் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது.

பணிநீக்கத்தை ரத்து செய்து, அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. உயர்நீதிமன்றம் வரை போவதாகத் தாளாளர் குதித்தார், அப்புறம் வக்கீல் ஏதோ சொல்லி அடங்கிவிட்டார். எனக்கும் விளக்கம் கேட்டு ஒரு குற்றக்குறிப்பாணை வந்தது. என் கீழ் வேலை பார்க்கிற தம்பிதான் தட்டச்சு செய்திருந்தான். 'சொல்லை திருத்தி' என்று இருந்தது. 'சொல்லைத் திருத்தி' என்றிருக்கவேண்டும். சிவப்புப் பேனா கையில் வந்துவிட்டது. மூடி வைத்துவிட்டு, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அந்தப் பிள்ளை அதற்குள் பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்புகளுக்கு வந்திருந்தாள். காலையில் டீச்சர் கேட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் அவர் பையை வாங்கிக்கொண்டாள். அவர் அவள் தலையில் ஒரு குட்டு வைத்து ஏதோ ஏசினார். என்ன சொல்லி ஏசினார் என்பது அலுவலகச் சன்னல் வரைக்கும் கேட்டது. குரல் மாறவே இல்லை.

நான் பதிவேட்டைத் துடைத்து, பக்கத்தைத் திறந்து, பேனாவையும் பக்கத்தில் வைத்துக் காத்திருந்தேன். 'சவத்த ரிஜிஸ்டர எங்கன வச்சிய' என்று கேட்பார். நான் 'இந்தா இருக்கு ரிஜிஸ்டரு' என்று சொல்லவேண்டும். அப்படித்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

டீச்சர் வந்து மேசைக்கு முன்னால் நின்றார்.

"வணக்கம் ஐயா. வருகைப் பதிவேட்டைத் தருகிறீர்களா?"

ஓர் எழுத்துப் பிசகு இல்லை. நகர்த்தி வைத்தேன். கையெழுத்துப் போட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், என்னைய ஒரு வார்த்த ஏசிருங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி, அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார்.

"எதற்காக ஐயா?" என்றார். பிறகு, "மிக்க நன்றி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அதன் பிறகு தினமும் இரண்டு வேளை அந்த மேசைக்கு வருகிறார். இதுவரை என்னிடம் ஒரு வடசொல் பேசியதில்லை.